சாமி வராத ஞாயிறுகள்

காளப்பநாயக்கன்பட்டியில் வெயில் பிந்தித்தான் வரும். கிழக்கே கொல்லிமலை சுவர் மாதிரி நிற்கிறது. வானம் வெளுத்து வெகுநேரம் கழித்துத்தான் மலை விளிம்பில் சூரியன் தலை நீட்டும். அந்த வெயில் எங்கள் தெருவில் இறங்குவதற்கு முன்பே, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆயா வாசலில் சாணி தெளித்து, கோலமும் போட்டு முடித்திருப்பாள். பிறகு படியில் உட்கார்ந்துவிடுவாள். சேந்தமங்கலம் ரோடு அங்கிருந்து தெரியாது. காதைத்தான் ரோட்டில் வைத்திருந்தாள். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கவேண்டும். அது சாமியாருடைய வண்டியாக இருக்கவேண்டும்.

எங்களுக்குப் பூசை மாதம் ஒரு தடவை. பங்குச் சாமியாருக்கு எங்களைப் போலக் கிளை ஊர்கள் நிறைய. ஒரு ஊரில் கலியாணம், இன்னொரு ஊரில் சாவு, நடுவில் டயர் பஞ்சர், ஓடையில் தண்ணீர். எட்டு மணி என்று சொன்ன பூசை பதினொன்றுக்குத் தொடங்கியதுண்டு. தொடங்காமலே போனதும் உண்டு. அதுவரை ஆயா பல்லில் எதுவும் படவிடமாட்டாள். நடுச்சாமத்திலிருந்து பட்டினி. நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்து சாப்பிடாமல் இருந்தால் போதும் என்று 1964லேயே திருத்தந்தை ஆறாம் பவுல் தளர்த்திவிட்டார். உபதேசியார் அதை அவளுக்கு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார்.

"ஆயா, ஒரு வாய் நீராகாரமாவது குடிங்க. பாப்பானவரே சொல்லிட்டாருங்க."

"அவரு சொன்னது ஒடம்புக்கு முடியாதவங்களுக்கு. எனக்கென்ன கேடு? சாமி வர்ற வழியப் பாருங்க நீங்க."

இன்றைக்கு நான் இருப்பது சென்னையில், மந்தைவெளியில். சாந்தோம் பேராலயத்துக்கு நடந்தே போய்விடலாம். காலையில் விட்டால் மாலையில் பூசை, தமிழில் விட்டால் ஆங்கிலத்தில். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவேண்டியதில்லை. இத்தனை வருடத்தில் ஒருநாளும் அங்கே நான் வழி பார்த்து உட்கார்ந்ததில்லை. ஆயா பார்த்துக்கொண்டிருந்த அந்த வழிக்குத்தான் ஏங்குகிறேன்.

பூசை நடந்த இடத்தைக் கோயில் என்று சொன்னால் பெரிய ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஓடு வேய்ந்த ஒரு நீளமான அறை. சாணி மெழுகிய தரை. பீடமாக ஒரு மரமேசை. மற்ற நாட்களில் அதன்மேல் பிள்ளைகள் சிலேட்டு வைத்து எழுதும். சாமியார் வரும் நாளில் உபதேசியார் வீட்டுப் பெட்டியிலிருந்து வெள்ளைத்துணி வரும், இரண்டு மெழுகுவர்த்தித் தண்டு வரும், பிடி தேய்ந்த ஒரு வெண்கலக் கைமணி வரும். சாமியார் தன் பூசைப் பெட்டியைத் திறந்து வைத்ததும் அந்த மேசை வேறொன்றாகிவிடும். பூசைக்கு முன்னால் புளியமரத்தடியில் இரும்பு நாற்காலி போட்டுப் பாவசங்கீர்த்தனம். வரிசையில் நிற்கும் பெண்கள் தலையில் முக்காடு. மரத்திலிருந்து புளியம்பூ உதிர்ந்து சாமியாரின் வெள்ளை அங்கியில் கிடக்கும். குனிந்து பாவம் கேட்கிற மனிதர் அதைத் தட்டிவிடமாட்டார்.

ஆனால் இது மாதத்தில் ஒரு ஞாயிறு. மற்ற மூன்று ஞாயிறுகளை, சில மாதம் நான்கையும், தூக்கிச் சுமந்தவர் உபதேசியார்.

உபதேசியார் என்ற சொல்லை இன்றைய கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லவேண்டியிருக்கிறது. மறைக்கல்வி ஆசிரியர் என்று சொன்னால் பாதிகூட வராது. சாமியார் இல்லாத ஞாயிறுகளில் ஊரைக் கூட்டி வேதம் வாசித்துச் செபம் நடத்துவது அவர். ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்துப் புதுநன்மைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது அவர். கலியாண ஓலை வாசிப்பது, சாகக்கிடக்கிறவர் தலைமாட்டில் உட்கார்ந்து மந்திரம் சொல்வது, பிறந்த குழந்தை பிழைக்காது என்று தெரிந்தால் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பது, சவத்துக்கு முன்னால் குருசு பிடித்து நடப்பது எல்லாம் அவரே. சம்பளம் என்று பங்கிலிருந்து கொஞ்சம் வரும். அது ஒரு குடும்பத்துக்குப் போதாது. எங்கள் உபதேசியார் வார நாட்களில் குச்சிக்கிழங்குக் காட்டில் கூலிக்குப் போவார், கடலைக்காய் பறிக்கப் போவார். சாயங்காலம் கைகால் கழுவிவிட்டு, அதே மண் நகத்தோடு, மணி அடிப்பார்.

அவருக்கு ஒரு சைக்கிள் இருந்தது, ஒரு கோடு போட்ட நோட்டும் இருந்தது. நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மாலைச் செபத்தின் சத்தம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். ஒரு பக்கம் ஆண்கள் பாதி மந்திரம், மறுபக்கம் பெண்கள் மீதி. பரமண்டல மந்திரம், பிரியதத்த மந்திரம், விசுவாச மந்திரம் என்று எல்லாம் பழைய தமிழ். கடவுள் சர்வேசுரன், இயேசு சேசு, தூய ஆவியார் இஸ்பிரீத்து சாந்து. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் வாயில் போர்ச்சுக்கீசியமும் வடமொழியும் நாமக்கல் பேச்சும் ஒன்றாகக் கலந்து, எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஓடும். குருசு போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த சொல். பூசை அப்படி வந்ததில்லை. திருப்பலிக்குப் போர்ச்சுக்கீசியர் சொன்ன சொல் தமிழர் காதில் மீசை என்று விழுந்ததாகவும், அந்தக் குழப்பத்தைத் தீர்த்துப் பூசை என்ற சொல்லைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் தத்துவபோதகர் என்றும் சொல்வார்கள். தத்துவபோதகர் என்பது இராபர்ட் தெ நொபிலி.

அவர் எங்கள் பக்கத்துக்கு வந்திருக்கிறார் என்பது சிறுவயதில் எனக்குத் தெரியாது. சென்னையில் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது. ரோமாபுரியில் 1577ல் பிறந்து, 1606ல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, சந்நியாசியாக வாழ்ந்தவர். 1623ல் மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டு, சேந்தமங்கலத்துக்கு வந்து இராமச்சந்திர நாயக்கரைப் பார்த்தார். அங்கிருந்து சேலம் போனார். சேந்தமங்கலம்! பொட்டலத்தில் காராபூந்தி வாங்க நாங்கள் பஸ் ஏறிப் போகும் ஊர். அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆயா காது கொடுத்துக் காத்திருந்த ரோட்டின் மறுமுனையில், அவளுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன், ஒரு சாமியார் நடந்து வந்திருக்கிறார். அவளிடம் சொல்வதற்கு அப்போது அவள் இல்லை.

சந்தோஷத்தோடு ஒரு முள்ளும் குத்தியது. நொபிலி அரண்மனைக்குப் போனார், அந்தணர்களோடு வாதிட்டார். ஊருக்கு வெளியே இருந்த எங்கள் மாதிரித் தெருக்களுக்கு அவர் உடையும் நியமமும் வழிவிடவில்லை. அதனால்தான் 1640ல் பல்தசார் தா கோஸ்டா பண்டாரசாமி வேடத்தில் இறங்கினார். பண்டாரசாமிகள் எல்லாச் சாதியாரோடும் பழகலாம், எங்கள் ஆட்களைத் தொட்டு ஞானஸ்நானம் கொடுக்கலாம். பின்னால் ஓரியூரில் 1693ல் தலை வெட்டுண்ட அருளானந்தரும், அதாவது ஜான் தெ பிரிட்டோவும், பண்டாரசாமியாகத்தான் திரிந்தார். எங்கள் தெருவுக்கு வேதம் எந்த நாளில் எந்த வழியாக வந்தது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. வந்தபோது பண்டாரசாமிகளின் வழியில்தான் வந்திருக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வந்த சாமியார்கள் நிலைத்தார்களா? இவர்கள் எல்லோரும் இயேசு சபையார். அவர்களுடைய மதுரை மிஷன் முழுவதற்கும் ஒரு காலத்திலும் போதிய குருக்கள் இருந்ததில்லை. 1773ல் திருத்தந்தையே இயேசு சபையைக் கலைத்துவிட்டார். இருந்த கொஞ்சம் பேரும் வயதாகி ஒவ்வொருவராகப் போனார்கள். 1776ல் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையார் பொறுப்பேற்றார்கள். ஆனால் பிரெஞ்சு நாட்டில் புரட்சி வெடித்த பிறகு அங்கிருந்து வரும் குருக்களும் அருகிப்போனார்கள். வருடத்துக்கு ஒரு பூசை கிடைத்த ஊர்கள் கொடுத்துவைத்தவை. அந்த நீண்ட வறட்சியில் மந்திரங்கள் மறக்காமல் இருந்தது உபதேசியார்களால்தான். அவர்களில் பெரும்பாலோருடைய பெயர் எங்கும் இல்லை. சேலம் மறைமாவட்டத்தின் கதையை யார் எழுதினாலும் சாமியார் வந்த நாட்களை வைத்துத்தான் எழுதுகிறார்கள். சாமி வராத ஞாயிறுகளில் ஒரு மேசையைச் சுற்றி மண்டியிட்டவர்கள்தான் இந்த மறைமாவட்டத்தின் அஸ்திவாரம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சேலம் மறைமாவட்டத்தை 1930 மே 26ல் திருத்தந்தை பதினோராம் பயஸ் நிறுவினார். அதற்கு முன் சேலம் பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்குத் தலைமையிடம் வெகுதூரத்தில் இருந்தது. அங்கிருந்து ஒரு மேற்றிராணியார் எங்கள் ஊர்ப்பக்கம் எப்போது எட்டிப்பார்ப்பார்? சேலம் என்றால் பஸ் ஏறிப் போய் வந்துவிடலாம். முதல் ஆயர் ஹென்றி புருனியே, பிரெஞ்சுக்காரர். 1949ல் வெண்மணி செல்வநாதர் ஆயரானார், தமிழர். 1974லிருந்து கால் நூற்றாண்டு மைக்கேல் போஸ்கோ துரைசாமி.

ஆயாவுக்கு உறுதிபூசுதல் கொடுத்தது வெள்ளைக்கார மேற்றிராணியார். நெற்றியில் தைலம் பூசிவிட்டுக் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினாராம், விசுவாசத்துக்காக அடிபடவும் தயாராக இரு என்பதற்கு அடையாளமாக. அந்தத் தட்டைப் பற்றி அவள் சொல்லும்போதெல்லாம் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். எனக்கு உறுதிபூசுதல் மைக்கேல் போஸ்கோ ஆண்டகையிடம். புதுச் சட்டையோடு வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி:

"தட்டினாரா கண்ணு?"

"இல்லீங்க ஆயா. இப்ப அதெல்லாம் இல்லையாம்."

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு சடங்கைத் திருத்தியபோது அந்தத் தட்டு போய்விட்டது என்று அவளுக்கு யார் சொல்வது? என்னைப் பக்கத்தில் இழுத்து அவளே கன்னத்தில் மெல்லத் தட்டினாள். சுண்ணாம்பு மணத்த விரல்கள். என் உறுதிபூசுதல் அப்போதுதான் முடிந்தது என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

மலைக்கு மேலே வேறொரு கதை நடந்திருந்தது. அது எங்கள் சபைக்கதை இல்லை என்றாலும் விட்டுவிட மனமில்லை. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற பாப்டிஸ்ட் தம்பதியர் கொல்லிமலையிலேயே வீடு கட்டி இருந்து, மலையாளிப் பழங்குடி மக்களுக்கு மருந்தும் பள்ளிக்கூடமும் கொண்டுபோனார்கள். வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் அவர்கள் மகன், 1914ல் பிறந்து அந்த மலையில் வளர்ந்தவர். ஜெஸ்ஸி 1929ல் காய்ச்சலில் மலையிலேயே இறந்தார். அடுத்த வருடம் கீழே சேலத்தில் எங்கள் மறைமாவட்டம் பிறந்தது. ஈவ்லின் அம்மையார் முதிய வயதில், அவரை அனுப்பிய மிஷன் சங்கம் ஓய்வு கொடுத்த பிறகும், திரும்பி மலைக்கே போய்ச் சேர்ந்தார். சிறுவயதில் அவர்களைப் பற்றிக் கேட்டால் "அவங்க வேதம் வேற" என்று பெரியவர்கள் பேச்சை முடித்துவிடுவார்கள். உபதேசியார் மட்டும் ஒருமுறை, காரவள்ளிப் பக்கம் சைக்கிளை நிறுத்தி மலையைக் காட்டிச் சொன்னார்: "அங்க ஒரு வெள்ளக்காரர் குழியில கெடக்கறாரு தம்பி. நம்ம ஆளுங்களுக்காகத்தான் செத்தாரு." எந்த நம்ம ஆளுங்க என்று நான் கேட்கவில்லை. அவருக்கு அதில் பிரிவில்லை என்று இப்போது புரிகிறது.

எனக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒன்று, பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒன்று. 1950ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதிச் சலுகை இந்துக்களுக்கு மட்டும். 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவராகிவிட்டால் தெருவும் கிணறும் சுடுகாடும் மாறாது, சான்றிதழ் மட்டும் மாறும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைப்பார்கள். அப்பா என் படிப்பை நினைத்துப் பள்ளியில் வேறு பெயர் கொடுத்தார். அன்று இரவு ஆயா சாப்பிடவில்லை. உபதேசியார் தன் பிள்ளைகளுக்கு வேதப்பெயரையே எழுதினார். அதற்கான விலையை அந்தப் பிள்ளைகள் கொடுத்தார்கள். ஒருவரும் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. நான் மிதித்தேன். ஆனாலும் அவர் அப்பாவை ஒரு வார்த்தை சொன்னதில்லை. செபத்தில் என்னை வேதப்பெயரால் கூப்பிடுவார், தெருவில் பள்ளிப் பெயரால் கூப்பிடுவார். இரண்டையும் ஒரே அன்போடு கூப்பிடுவார். இந்த ஆணைக்கு எதிராகத் தமிழக ஆயர்களும் தலித் கிறிஸ்தவர்களும் எத்தனையோ வருடமாகக் குரல் கொடுத்துவருகிறார்கள். கோயிலுக்குள்ளேயே தனி இடமும் தனிக் கல்லறையும் கண்ட சபை அந்தக் குரலை எழுப்ப இவ்வளவு தாமதித்திருக்கவேண்டாம் என்பது என் மனத்தாங்கல். தாமதமாக வந்தாலும் அது வேண்டிய குரல்.

1997 ஜனவரி ஒரே மாதத்தில் இரண்டு பிரிவினை. முதல் தேதி நாமக்கல் தனி மாவட்டமானது. 24ஆம் தேதி தர்மபுரி தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. கோவிலூர் மாதிரிப் பழைய கிறிஸ்தவ ஊர்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. எங்களுக்குக் கலெக்டர் நாமக்கல்லில், ஆயர் பழையபடி சேலத்தில். நான் அதற்குள் ஊரைவிட்டு வந்து பல வருடமாகியிருந்தது. ரெயில்வேயில் வேலை, கலியாணம், மந்தைவெளி. தத்துவபோதகர் கண் பார்வை ஏறக்குறைய போய்க் கடைசிக் காலத்தைக் கழித்ததும், 1656ல் இறந்ததும் இதே மயிலாப்பூரில்தான். சேந்தமங்கலத்திலிருந்து மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்த இன்னொரு ஆளாக, கடற்கரைப் பக்கம் நடக்கும்போது அவரை நினைத்துக்கொள்வேன். அந்தக் கிழவருக்கும் சேந்தமங்கலத்தில் இருந்த நாட்களைப் பற்றி ஏதாவது ஏக்கம் இருந்திருக்குமா?

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் கோயில்களை மூடினார்கள். போனில் பூசை. பிள்ளைகள் சோபாவில் சாய்ந்துகொண்டு பார்த்தார்கள். இரண்டாவது ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை. போனை அணைத்துவிட்டுத் தரையில் பாய் விரித்தேன். "ஊர்ல சாமி வராத அன்னிக்கு நாங்க இப்படித்தான் செய்வோம்" என்று சொல்லி, செபமாலையை எடுத்துப் பழைய மந்திரத்தைத் தொடங்கினேன். நான் பாதி சொல்லி நிறுத்தினேன். மறுபக்கத்திலிருந்து மீதி வரவேண்டும். வரவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்தது புதிய வாய்பாடு. சரி, நானே முழுவதையும் சொல்லலாம் என்று பார்த்தால், பெண்கள் பக்கத்துப் பாதி எனக்கே வாயில் வரவில்லை. அது ஆயாவின் பாதி. ஒருநாளும் அதை நான் சொன்னதில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

போக்குவரத்து திறந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போனேன். நவம்பர் 2. மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. பேளுக்குறிச்சிப் பக்கமிருந்து ஈரக்காற்று. ஆயாவின் குழிமேட்டில் புல் வெட்டிச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்கள். உபதேசியாருடைய கல்லறை இரண்டு குழி தள்ளி. ஓட்டு அறை இப்போது இல்லை. இப்போதிருக்கிற சாமியார் வாட்ஸ்ஆப்பில் பூசை நேரம் அனுப்புகிறார், காரில் சொன்ன நேரத்துக்கு வருகிறார். நல்லதுதானே. ஆயா இருந்திருந்தால் பட்டினியாவது குறைந்திருக்கும்.

உபதேசியாரின் மகன் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனார். காப்பி குடித்து முடித்ததும் தகரப் பெட்டியிலிருந்து அந்தக் கோடு போட்ட நோட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். "அப்பா எழுதினது. உங்களுக்குத்தாங்க இதெல்லாம் புரியும்" என்றார். ஞாயிறு தவறாமல் ஒரு வரி. பென்சில், சில இடத்தில் நீல மை. "சாமி வந்தார். 43 பேர் நன்மை." "சாமி வரவில்லை. செபமாலை சொன்னோம்." "சாமி வரவில்லை. மழை. 11 பேர். செபமாலை சொன்னோம்." பக்கம் பக்கமாக இதே. ஒரு ஞாயிறுகூட "செபம் இல்லை" என்று இல்லை.

ஆயா இறந்த வருடத்தைத் தேடினேன். அப்போது எனக்குத் தந்தி ஒருநாள் பிந்திக் கிடைத்தது. பஸ் பிடித்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. யார் முன்னால் நடந்தார்கள், யார் மண் போட்டார்கள் என்று யாரையும் கேட்கத் தைரியம் இல்லாமல் மறுநாளே திரும்பிவிட்டேன். நோட்டில் அந்த நாளும் ஒரு வரிதான்.

"ஓடையில் வெள்ளம். சாமி வரவில்லை. பேரன் வரவில்லை. மந்திரம் இரண்டு பக்கமும் முழுக்கச் சொன்னோம்."